ஊறப்போடு, அரை, கட்டு: தினமும் அதேதானா?

கேள்வி: தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இட்லி மாவு வியாபாரம் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு கிரைண்டர், உதவிக்கு ஒரு அக்கா, 14 மளிகைக் கடைகளுக்குச் சப்ளை. நஷ்டம் இல்லை, கடனும் ஒழுங்காக அடைகிறது. ஆனால் ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் இப்போது துளியும் இல்லை. காலை ஐந்து மணிக்கு அரிசி ஊறப்போடுவது, பத்து மணிக்கு அரைப்பது, இரண்டு மணிக்குப் பாக்கெட், நான்கு மணிக்கு ஸ்கூட்டரில் கடை கடையாக. மறுநாள் திரும்ப அதே. தன்னம்பிக்கை வீடியோ பார்த்தால் பத்து நிமிஷம் நன்றாக இருக்கிறது. கிரைண்டர் சத்தம் கேட்டதும் எல்லாம் போய்விடுகிறது. புதிதாக ஏதாவது செய்தால் சரியாகும் என்று சப்பாத்தி, இடியாப்பமும் போடலாமா என யோசிக்கிறேன். எனக்குத் தொழில் செய்கிற மனசே இல்லையோ? மற்றவர்களால் மட்டும் எப்படி வருஷக்கணக்கில் ஒரே வேலையைச் சலிக்காமல் செய்ய முடிகிறது?

– ஒரு வாசகி, தச்சநல்லூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

கடன் எங்கே கிடைக்கும், உரிமம் எப்படி வாங்குவது, வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். தொழில் ஓடத் தொடங்கிய பிறகு வருகிற இந்தக் கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால், “நல்லா போற யாவாரத்துல என்ன குறையாம்?” என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள் என்ற கூச்சம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், மிக்க மகிழ்ச்சி. நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில், மனதில் உட்கார்ந்திருக்கும் ஒரு தவறான எண்ணத்தை எழுப்பி அனுப்பிவிடலாம். உற்சாகம் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி, அது தீர்ந்தால் வேலை நின்றுவிடும், வீடியோ பார்த்தோ புத்தகம் படித்தோ மறுபடி நிரப்ப வேண்டும் என்று நினைக்கிறோம். வெற்றி பெற்றவர்களுக்கு அந்த டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும் என்றும் நம்புகிறோம். உங்கள் கடிதமே இதை மறுக்கிறது, பாருங்கள். உற்சாகம் துளியும் இல்லை என்கிறீர்கள். ஆனால் 14 கடைகளுக்கும் மாவு போய்க்கொண்டுதான் இருக்கிறது, கடனும் அடைகிறது. பெட்ரோல் இல்லாமல் வண்டி இத்தனை தூரம் ஓடாது. ஆகவே வண்டியை ஓட்டுவது வேறு ஏதோ ஒன்று. அதைப் பழக்கம் என்று சொல்லுங்கள், பொறுப்பு என்று சொல்லுங்கள். அது உங்களிடம் நன்றாகவே இருக்கிறது.

அப்படியானால் போனது எது? ஏன் போனது? என் கணக்கில் காரணங்கள் மூன்று.

முதல் காரணம், உங்களுக்கு வேலை கைவந்துவிட்டது.

முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். பத்து பாக்கெட் கொடுத்துவிட்டு வந்து, போகுமா போகாதா என்று தவித்திருப்பீர்கள். மறுநாள் கடைக்காரர், “எல்லாம் வித்துட்டுக்கா, இன்னும் அஞ்சு சேத்துக் குடுங்க” என்றதும் மனசு துள்ளியிருக்கும். இன்று அதே கடைக்காரர் அதையே சொன்னாலும் துள்ளுவதில்லை. இதற்கு மூளையில் ஒரு கணக்கு இருக்கிறது. 1990களில் சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது, குரங்கின் மூளையில் டோபமின் செல்கள் (ஆர்வத்தையும் கற்றலையும் தூண்டும் வேதிப்பொருளைச் சுரப்பவை) சட்டென்று துடித்தன. சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியதும் கதை மாறியது. அடையாளத்தைக் கண்டபோது துடித்த செல்கள், சாறு வந்தபோது சும்மா இருந்தன. சாறு அதேதான், இனிப்பும் அதேதான், ஆனால் வரும் என்று முன்பே தெரிந்துவிட்டது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ‘எதிர்பார்ப்புப் பிழை’ என்கிறார்கள். பிழை என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் கணிப்புக்கும் நடப்புக்கும் நடுவில் விழும் இடைவெளி, அவ்வளவுதான். அந்த இடைவெளி இருக்கும்வரை ஆர்வம் இருக்கும். மூடிவிட்டால் அடங்கிவிடும்.

ஒன்றரை வருஷத்தில் அந்த இடைவெளியை நீங்கள் மூடிவிட்டீர்கள். எத்தனை பாக்கெட் போகும், எத்தனை ரிட்டர்ன் வரும் என்று உங்களுக்கு அத்துப்படி. உற்சாகம் குறைந்தது நீங்கள் தோற்றதால் அல்ல, தேறியதால்.

சப்பாத்தி, இடியாப்பம் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. புதுப் பண்டம் புது இடைவெளியைத் திறக்கும், உண்மைதான். ஆறு மாதம் துள்ளல் இருக்கும். பிறகு அதுவும் மூடிவிடும். அப்போது உங்களிடம் ஒரு சலிப்புக்குப் பதில் மூன்று சலிப்புகளும், மூன்று சாமான் கணக்குகளும் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் போடுங்கள், லாபம் நின்றால் போடுங்கள். மனசு அலுத்தது என்பதற்காகப் போடாதீர்கள். உங்கள் தொழிலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2005இல் பெங்களூருவில் 50 சதுர அடி இடத்தில் முஸ்தபா என்பவரும் அவருடைய உறவுச் சகோதரர்களும் தொடங்கியதுதான் ஐடி ஃப்ரெஷ் என்ற மாவு நிறுவனம். தினம் 100 பாக்கெட் என்ற அளவை எட்டவே ஒன்பது மாதம் ஆயிற்று என்று முஸ்தபா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒன்பது மாதமும் அதே அரிசி, அதே உளுந்து. பரோட்டாவும் மற்றவையும் மாவு நிலைத்து நின்ற பிறகு வந்தவை.

இரண்டாவது காரணம், உங்கள் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகிறது.

நம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களைப் பாருங்கள். கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, நாராகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஒன்றொன்றாகக் கோத்து நெருக்குகிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்லும் நயமான பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். உங்கள் வேலையைவிட மெதுவான, நுணுக்கமான, திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. ஆனாலும் அந்தியில் எழுந்திருக்கும்போது, காலையில் இல்லாத நாலு விரற்கடை பாய் தறியில் கிடக்கும். தொட்டுப் பார்க்கலாம். உங்களுக்கோ அந்தியில் மிஞ்சுவது கழுவிக் கவிழ்த்த காலிப் பாத்திரம். வியாபாரம் எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவு காலி! ஊரார் காலைப் பலகாரத்தோடு உங்கள் நேற்றைய உழைப்பும் தீர்ந்துவிடுகிறது. சமையல்கட்டில் ஆயுள் முழுக்க நின்ற நம் அம்மாமார்களுக்கு இந்த வலி தெரியும்.

அமெரிக்காவின் ஹார்வர்டில் தெரேசா அமாபில் என்ற பேராசிரியர் 7 நிறுவனங்களில் வேலைசெய்த 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகள் சேர்ந்தன. மக்கள் மனநிறைவோடு வேலைசெய்த நாட்களில் என்ன நடந்திருந்தது என்று அலசியபோது, பாராட்டு, ஊக்கத்தொகை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது ஒன்றுதான்: பொருளுள்ள வேலையில் இன்று ஓரடி முன்னே போனேன் என்ற உணர்வு. அந்த அடி சின்னதாக இருந்தாலும் போதும், ஆனால் கண்ணில் பட வேண்டும். உங்கள் தொழில் முன்னேறாமல் இல்லை. முன்னேற்றம் பதிவாகும் இடம்தான் இல்லை.

மூன்றாவது காரணம், சாப்பிடுகிறவர் முகத்தை நீங்கள் பார்ப்பதில்லை.

வீட்டில் இட்லி அவித்தால், மல்லிகைப்பூ மாதிரி இருக்கிறது என்றோ, கல்லு மாதிரி இருக்கிறது என்றோ உடனே தெரிந்துவிடும். உங்கள் மாவு கடைக்காரர் கைக்குப் போகிறது, அங்கிருந்து யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தொட்டுக் காட்டியது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களை ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க ஒரே பேச்சு, பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே பதில் வரும் வேலை. அந்த நன்கொடையால் படித்த ஒரு மாணவரை அவர்களில் சிலரோடு மட்டும் சில நிமிடம் நேரில் பேச வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் பேசிய நேரம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. சம்பளமும் கூடவில்லை, வேலையும் மாறவில்லை. யாருக்காக என்பது தெரிந்தது, அவ்வளவே.

இன்னொன்றும் இதில் அடக்கம். உங்களுக்கு எது சலிப்போ, அதைத்தான் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குகிறார். நம் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ் நிறுவனத்தின் பேருந்துகள் வரும் நேரத்தைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓட்டுநருக்கு அது தினமும் அதே பாதை, அதே நேரம். பயணிக்கோ அதுதான் நம்பிக்கை. நேற்று மாதிரியே இன்றும் இட்லி வர வேண்டும் என்றுதான் தச்சநல்லூரில் ஒரு வீட்டுக்காரம்மா உங்கள் பாக்கெட்டைத் தேடி எடுக்கிறார்.

இனி, மற்றவர்கள் எப்படிச் சலிக்காமல் செய்கிறார்கள் என்ற கேள்வி. அவர்களும் சலிக்கத்தான் செய்கிறார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் நூறாண்டைத் தாண்டி நிற்கும் இருட்டுக்கடையை நம் ஊரில் அறியாதவர் இல்லை. இன்றும் அந்திக்குத் திறந்து அதே அல்வாதான். அதை நினைத்துக்கொண்டுதான் ஒருமுறை, டவுனில் வேறொரு கடையின் அடுக்களையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அல்வா கிண்டுவதைப் பார்த்தேன். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்து, சீனிப்பாகோடு வாணலியில் ஏற்றியிருந்தார்கள். நெய் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. மாஸ்டரின் கை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு முறை தோளைக் குலுக்கிக் கை மாற்றிக்கொண்டார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. வாணலியின் ஓரத்தில் மாவு எப்போது ஒட்டாமல் விலகுகிறது, ஊற்றிய நெய் உள்ளே போகிறதா வெளியே கக்குகிறதா, நிறம் எந்தப் பக்கம் முந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பை இரண்டு முறை அவரே தணித்தார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று புரிந்தது: கை அலுக்கலாம், கண் அலுக்காது. கைக்கு அது அதே வேலை. கண்ணுக்கோ ஒவ்வொரு வாணலியும் வேறு. உங்கள் கண்ணுக்கு வேலை கொடுப்பதுதான் நான் சொல்ல வந்த வழி.

உங்கள் மாவு தினமும் ஒன்றா என்று யோசியுங்கள். அதைப் பொங்க வைப்பது நுண்ணுயிர்கள். அவற்றில் முக்கியமானது லூக்கனோஸ்டாக் என்ற பாக்டீரியா. உளுந்தோடு வருகிறது, புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் மாவு ஏறுகிறது. சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்கு வாகானது. அக்னி நட்சத்திரத்தில் பாக்கெட் கடையிலேயே உப்பிவிடும். ஆனி, ஆடிக் காற்றுக் காலம் ஒரு விதம், ஐப்பசி அடைமழை ஒரு விதம், மார்கழிக் குளிர் ஒரு விதம். அம்பை 16 அரிசியில் புதுசுக்கும் பழசுக்கும் தண்ணீர் அளவு மாறும். உளுந்து மூட்டை மாறினால் பொங்குவது மாறும். கிரைண்டர் சூடேறினால் மாவும் சூடேறும். இத்தனை மாறுதலுக்கும் ஈடுகொடுத்து வாடிக்கையாளருக்கு ஒரே மாதிரி மாவைக் கொடுக்கிறீர்களே, அது ஒரே வேலையா?

ஆகவே மூன்று காரணங்களுக்கும் மூன்று காரியங்கள்.

ஒன்று, தினமும் ஒரு கணிப்பு. மாவு கரைத்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றி, மட்டம் தெரிய ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றி, ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஏறும் என்று பார்ப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். கூடவே இன்றைய வானம், ஊறிய நேரம், உளுந்து எந்த மூட்டை என்று ஒரு வரி. கடைக் கணக்கிலும் அப்படியே. அமாவாசை, சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று இரவில் பலகாரம் சாப்பிடும் நாட்களில் எந்தக் கடையில் எத்தனை கூடும் என்று முன்னதாகக் குறியுங்கள். மூடிப்போன அந்த இடைவெளியை நீங்களே வேண்டுமென்று திறக்கிறீர்கள். கணிப்பு சரியானால் மகிழ்ச்சி, தப்பினால் அன்று புதிதாக ஒன்று கற்றுக்கொள்ள இருக்கிறது.

இரண்டு, சுவரில் ஒரு காலண்டர். ரிட்டர்ன் வராத நாளுக்கு ஒரு நிறம், கடன் தவணை கட்டிய நாளுக்கு ஒரு நிறம். மாதக் கடைசியில் நின்று பாருங்கள். பத்தமடைத் தறியில் கிடக்கும் பாய் மாதிரி உங்கள் சுவரிலும் ஒன்று வளர்ந்திருக்கும்.

மூன்று, மாதம் ஒரு சாயங்காலம் ஏதாவது ஒரு கடையில் அரைமணி நேரம் நில்லுங்கள். உங்கள் பாக்கெட்டை எடுப்பவரிடம், “போன தடவை இட்லி எப்படி வந்திச்சு?” என்று கேளுங்கள். குறை சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் அரைக்கும்போது அந்த முகம் நினைவுக்கு வரும்.

கண்ணுக்கு வேலையில்லாத பகுதிகளும் உண்டு: பாத்திரம் கழுவுதல், பாக்கெட் ஒட்டுதல். அவற்றில் ஆர்வத்தைத் தேட வேண்டாம், துணையைத் தேடுங்கள். நம் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் திண்ணையில் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த கூலியும் உடலுக்குக் கேடும் உள்ள அந்த வேலையைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அந்த வேலையையும் தாங்க வைப்பது பக்கத்தில் இருக்கும் ஆள் என்பதற்காகச் சொல்கிறேன். பாக்கெட் போடும் இரண்டு மணி நேரத்தை உதவிக்கு வரும் அக்காவோடு சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். திருநெல்வேலி வானொலி பாடட்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சலிப்பு, களைப்பு, கணக்குக் கவலை மூன்றும் வெளியில் ஒரே முகத்தோடு வரும். ஐந்து நாள் ஓய்வெடுத்ததும் மனசு தெளிந்தால் அது களைப்பு. வாரத்தில் விற்பனை குறைந்த ஒரு நாளை விடுமுறையாக அறிவித்துவிடுங்கள், கடைக்காரர்கள் பழகிக்கொள்வார்கள். கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கினால் அது கணக்குக் கவலை. நோட்டும் காலண்டரும் அதற்கு மருந்தாகாது, விலையையும் செலவையும் திருத்த வேண்டும். ஓய்வுக்குப் பிறகும், கணக்கு சரியாக இருந்தும், சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு பேச்சு என்று எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

“எனக்குத் தொழில் செய்கிற மனசே இல்லையோ” என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றரை வருஷம் என்றால் ஐந்நூறு நாளுக்கு மேல். மழையிலும் வெயிலிலும் அத்தனை நாள் ஐந்து மணிக்கு எழுந்து அரிசியை ஊறப்போட்டது அந்த மனசுதான். அதற்குப் பார்க்க ஒன்று வேண்டும், அவ்வளவே.

நாளைக்கு மாவு கரைத்ததும் டம்ளரை எடுத்து வையுங்கள். ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, எவ்வளவு ஏறும் என்று எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். சாயங்காலம் கடைகளுக்குப் போய்த் திரும்பியதும், ஸ்கூட்டரை நிறுத்தின கையோடு முதலில் ஜன்னல் பக்கம்தான் போவீர்கள்.